அசைந்தால் எரியும்

இந்த மாடியில் முன்பு தூங்கினால்
வேலை போய்விடும்.
இப்போது தூங்குவதற்கு வாடகை கொடுக்கிறேன்.

கால்கரி, ஏழாவது அவென்யூ.
எண்ணெய் விலை விழுந்த வருஷம்
முப்பத்திரண்டு மாடியும் காலி.
நாற்காலிகளை லாரியில் ஏற்றினார்கள்.
பெயர்ப்பலகையைக் கழற்றினார்கள்.
எழுத்துகள் இருந்த இடம் மட்டும் அழுக்கேறாமல்
கொஞ்ச நாள் அந்தப் பெயரையே
சொல்லிக்கொண்டிருந்தது சுவர்.
அப்புறம் ஆறு வருஷம்.
புறாவுக்குக்கூட வழியில்லை;
திறக்கிற ஜன்னல் ஒன்றும் இல்லாத கட்டடம்.

பிறகு துளை போடுகிறவர்கள் வந்தார்கள்.
ஆபீசுக்கு மாடிக்கு இரண்டு கழிப்பறை போதும்,
லிஃப்டை ஒட்டி. வீடென்றால் அப்படியா?
அறைக்கு அறை குழாய் இழுத்தால்
தளமெல்லாம் சல்லடையாகிவிடும் என்றார் எஞ்சினியர்.
அதனால் அறை தனி, அடுப்பு பொது, குளியல் பொது.
கண்ணாடியோரம் படுக்கை,
வெளிச்சம் எட்டாத நடுவயிற்றில் சமையல்.
மூன்றாம் எண்ணில் மரிசெல் பூண்டு வதக்கினால்
காற்றுக்குழாய் வழியே பாதிச் சாப்பாடு
பன்னிரண்டாம் மாடிக்குப் போய்விடுகிறது.

என் பெயர் லெத்தெபிர்ஹான்.
கதவில் லெட்டி என்று எழுதியிருக்கிறார்கள், இருக்கட்டும்.
ஒன்பது வருஷம் இதே பதினோராம் மாடியை
ராத்திரியில் பெருக்கினேன்.
என் கட்டில் கிடக்குமிடம்
கணக்குப் பிரிவின் ஜெராக்ஸ் மெஷின் நின்ற இடம்.
அதன் கால்தடம் நான்கும் கார்பெட்டில் அப்படியே.
கட்டிலை எப்படித் திருப்பினாலும்
ஒரு கால் பொருந்துகிறது, மூன்று மாட்டேன் என்கிறது.

கூரையில் பழைய சென்சாரை எடுக்க மறந்துவிட்டார்கள்.
ஆள் அசைந்தால் விளக்கு எரியும்.
அந்நாளில், மண்டியிட்டு ஒரே இடத்தில்
யாரோ துப்பிய சூயிங்கத்தைச் சுரண்டிக்கொண்டிருப்பேன்;
ஆளே இல்லை என்று முடிவுகட்டி அணைந்துவிடும்.
இருட்டில் துடைப்பத்தை ஆட்டுவேன்:
இருக்கிறேன், இருக்கிறேன்.
இப்போது தூக்கத்தில் புரண்டாலே பளீரென்கிறது.
எலெக்ட்ரீஷியன் ஏணியோடு வந்தான், பிடுங்கிவிடட்டுமா?
வேண்டாம் என்றேன்.
ஏன் என்று அவன் கேட்காதது நல்லதாயிற்று.

ஐந்தாம் எண்ணில் கார்டன் ரின்சுக்.
இங்கேதான், தூண் பக்கத்து மேசையில்,
எண்ணெய்க் குழாய் போகும் பாதைகளை வரைந்தவர்.
முதல் நாள் சமையலறையில் கைகுலுக்கி
ஊருக்குப் புதிதா என்று என்னைக் கேட்டார்.
அவர் மேல் தப்பில்லை;
அவர் போன பிறகுதானே நான் வருவேன்.
எனக்கு அவரைத் தெரியாது, அவர் கூடையைத் தெரியும்.
ஆப்பிள் பாதிதான் தின்பார்.
வயிற்று மாத்திரை அட்டை, லாட்டரிச் சீட்டு,
கடைசி மாதங்களில் ஒரே கடிதம்
நான்காய், எட்டாய், பதினாறாய்.
ஒட்டிப் படித்ததில்லை.
என்ன எடை என்று கைக்குத் தெரியும்.

மைனஸ் முப்பத்தொன்று.
திறக்காத கண்ணாடியின் உட்பக்கமும்
பனி பூத்த ஒரு செவ்வாய் இரவு
கதவைத் தட்டினார்.
ஃபிரிட்ஜில் ஒட்டிய பட்டியல்படி
இந்த வாரக் குப்பை அவர் முறை.
கைக்கு ஒன்றாய் இரண்டு பை.
"பச்சைத் தொட்டிக்கு எது, கறுப்புக்கு எது?
உங்களைக் கேட்கச் சொன்னார்கள்."

சரக்கு லிஃப்ட் வரை கூடவே போனேன்.
பொத்தானை இரண்டு தரம் அழுத்தினால்தான் அது வரும்.
இருபது வருஷம் இங்கே உட்கார்ந்திருந்த மனிதருக்கு
அந்தக் கதவே புதிது.
முதல் தரம் நான் அழுத்தினேன்.
இரண்டாவது, முழங்கையால், அவர்.

காத்து நின்றோம், பேச ஒன்றுமில்லாமல், அசையாமல்.
விளக்கு அணைந்தது.
பையைக் கீழே வைக்க மனமில்லாமல்
அவர் ஒரு காலைத் தூக்கி ஆட்டினார்,
நான் கையை.

யாருக்கு எரிந்ததோ, எரிந்தது.